பெண்கள் வரிசை

ஒரே ஒரு நாளைத்தான் காப்பாற்ற முடியும் என்றார் டாக்டர் ரஹீமா.

கோகிலவாணி அதைத் தவறாகப் புரிந்துகொண்டாள். மகளுக்கு இன்னும் ஒரு நாள்தான் என்று நினைத்து நாற்காலியின் கையைப் பிடித்தாள். டாக்டர் அவசரமாக இல்லையென்று தலையை ஆட்டினார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆபரேஷனுக்கு அப்புறம் நித்திலா நல்லா இருப்பா. ஓடுவா, பேசுவா, பள்ளிக்கூடம் போவா. வலிப்பு திரும்ப வரவே வராது. நான் சொல்றது ஞாபகத்தைப் பத்தி."

நித்திலாவுக்கு ஆறு வயது. அவள் மூளைக்குள் சில நரம்புகள் தவறாகப் பின்னிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்து மறுபடி பின்ன வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கருவிகள் உள்ளே போய் அதைச் செய்யும். பேச்சு தங்கும். நடை தங்கும். சோறு பிசைந்து சாப்பிடத் தெரியும். வாழ்ந்த ஆறு வருடம் மட்டும் இருக்காது.

"எங்களையும் மறந்துருவாளுங்களா?" என்று கேட்டான் கோகிலாவின் கணவன் லோகநாதன்.

"எல்லாத்தையும். அதுக்குத்தான் இந்த மருந்து. இதைக் குடிச்சதுல இருந்து அவ தூங்கற வரைக்கும் நடக்கறது மட்டும் நிக்கும். மத்ததெல்லாம் வெளுத்துரும்."

லோகநாதன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாயப் பிரிவில் வேலை செய்தான். "துணியில சாயம் நிக்கறதுக்கு சோடா போடுவோம். அந்த மாதிரிங்களா?"

"அதே மாதிரிதான்."

"ஒரு நாள் போதுங்களா டாக்டர்?"

"ஒரு நாள் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டு உங்ககிட்ட வந்துருவா. அதுவும் இல்லைன்னா, கண்ணு முழிக்கறப்ப எதிர்ல ரெண்டு பேர் நிப்பீங்க. யாருன்னே தெரியாது. அப்படி முழிச்ச குழந்தைங்களைப் பாத்திருக்கேன்." 

கோகிலா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "வீட்டுலயே வெச்சுக்கறனுங்க. மடிய விட்டு எறக்க மாட்டேன்."

"வீடு சரிப்படாதும்மா. பழகினதை மூளை கவனிக்கறதில்ல. புதுசா இருக்கணும். அவ சிரிக்கணும், கொஞ்சம் பயப்படணும், அட இது என்னன்னு பாக்கணும். அந்த நேரத்துல யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க நிப்பாங்க."

"போன் நெறைய போட்டோ இருக்குதுங்க. வீடியோ இருக்குது. அப்புறமா காட்டினா?"

"காட்டலாம். பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பம் பாக்கற மாதிரி பாப்பா."

கிளம்பும்போது டாக்டர் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தை களைக்கக் கூடாது. வெயிலில் நிற்கக் கூடாது. களைத்தால் வலிப்பு வரும். வலிப்பு வந்தால் அந்த நாளும் போய்விடும். மருந்தை இரண்டாம் தடவை கொடுக்க முடியாது.

பேருந்தில் வரும்போது கோகிலா மகளிடம் கேட்டாள். "கண்ணு, எங்கயாச்சும் போலாமா? ஒரு நாளு பூரா?"

நித்திலா யோசிக்கவே இல்லை. "தும்பித் தீவு!"

கோயம்புத்தூருக்கு வெளியே, மலை அடிவாரத்தில் இருந்த ராட்டினப் பூங்கா தும்பித் தீவு. மேல்நிலைத் தொட்டி உயரத்துக்கு ஒரு இயந்திரத் தும்பி வாசலில் சிறகடித்துக்கொண்டிருக்கும். டிவியில் அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் நித்திலா சாப்பாட்டை மறப்பாள். இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த லீவில் போகலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம். கோகிலா போனில் நுழைவுச் சீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஒவ்வொரு நாளின் மேலும் இடம் இல்லை என்று எழுதியிருந்தது. பல் தேய்த்துக்கொண்டே பார்த்தாள். பாலைக் காய்ச்சிக்கொண்டே பார்த்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஒரு தடவை ஒரு நாள் பச்சையானது. பெயர்களை அடித்து முடிப்பதற்குள் சிவப்பானது. அலுவலகத்துக்கு போன் போட்டாள். இயந்திரக் குரல் அவளுடைய அழைப்பு முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸ்காரன், "லீவுல வந்து கேக்கறீங்களேக்கா, ஜூலைல வாங்க, ஜம்முனு போலாம்" என்றான்.

ஆபரேஷன் தேதியை நகர்த்த முடியாது. நகர்த்தினால் இன்னும் பல மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வலிப்பு எதைக் கொண்டுபோகும் என்று யாரும் சொல்ல முடியாது.

கடைசியில் வழி லோகநாதனின் கம்பெனியில் இருந்தே வந்தது. தையல் பிரிவுப் பெண்களை வருடம் ஒருமுறை சுற்றுலா அழைத்துப் போவார்கள். இந்த வருடம் தும்பித் தீவு. சிலர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். லோகநாதன் மேனேஜர் முன்னால் போய் நின்று, எதற்கு என்று சொல்லாமல், மூன்று இடம் வாங்கிக்கொண்டு வந்தான்.

கோகிலா சீட்டைப் பார்த்தாள். கூட்டமாக வருகிறவர்களுக்கான சீட்டு. வரிசையில் நிற்காமல் நேரே போகும் சீட்டு தனி. அது எப்போதோ விற்றுத் தீர்ந்திருந்தது. சீட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் விதிகள் இருந்தன. இதய நோய், வலிப்பு நோய் உள்ளவர்கள் எந்தச் சவாரியிலும் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.

"ஆஸ்பத்திரில ஒரு கடுதாசி வாங்கிக் காட்டுனா முன்னாடி உடுவாங்கல்ல?" என்றான் லோகநாதன்.

"காட்டுனா வெளிய உடுவாங்க." சீட்டைத் திருப்பிக் காட்டினாள். "அதுமில்லாம உங்க கம்பெனிச் சனம் பூரா வருது. பொட்டப்புள்ளைக்கு வலிப்புன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சாப் போதும். நாளைக்கு இவளைக் கட்டிக்கொடுக்கற வரைக்கும் பேசுவாங்க."

இரண்டு வருடமாக அப்படித்தான் ரகசியத்தைக் காப்பாற்றி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குக் கோகிலா மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தாள். கம்பெனியில் யாருக்கும் தெரியாது.

கோகிலா பூங்காவின் வரைபடத்தைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். எது எங்கே இருக்கிறது, எதற்கு நிழல் இருக்கிறது, எது மெதுவாகச் சுற்றும் என்று பார்த்தாள். வேகமானவற்றை விட்டுவிட்டாள். முதலில் குதிரை ராட்டினம். அப்புறம் தொங்கும் ரயில். கண்ணாடி வீடு. அலைக்குளம். படகு. வெயில் சாய்ந்ததும் பெரிய ராட்டினம்.

"நீங்க வரிசைல நில்லுங்க. நான் புள்ளைய நெழல்ல வெச்சிருக்கறேன். உங்க மொறை வந்ததும் கூப்புடுங்க, நாங்க வந்து ஏறிக்கறோம்."

"செரி."

"குதிரைல வெச்சு, நீ பொறந்த அன்னிக்கு நல்ல மழைன்னு சொல்லுவேன். ரயில்ல வெச்சு நம்ம ஊடு, வீதி எல்லாம் சொல்லுவேன். அலைக்குளத்துல ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா கட்டிப் புடிச்சுக்குவேன். பெரிய ராட்டினத்து மேல போனதும், நாந்தான் உங்கம்மா, எப்பவும் நாந்தான் உங்கம்மான்னு சொல்லுவேன்."

"எனக்கு?"

"சாப்பிடறப்ப உங்க மடில வெச்சுக்கங்க."

"ஆக எனக்குத் தயிர்சோறு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கோகிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த நாளுக்கென்று மஞ்சள் புடவையை எடுத்து வைத்தாள். எத்தனை கூட்டத்திலும் குழந்தை கண்ணுக்கு அது தெரியும். நித்திலாவுக்கு முழுக்கைச் சட்டை. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டை மாட்டியிருந்தார்கள். மருந்து கொடுக்கும் நாளில் கழற்றக் கூடாது. சட்டைக்கை அதை மறைத்தது.

பேருந்தில் பாட்டும் கைதட்டலுமாக இருந்தது. ஓவர்லாக் மிஷினில் தைக்கும் ருக்குமணி, இருக்கையின் மேல் முட்டி போட்டு பின்னால் திரும்பிக்கொண்டாள். "ஏனுங் அண்ணி, இந்த வேகாத வெயில்ல புள்ளைக்கு முழுக்கை மாட்டி உட்ருக்கறீங்க?"

"வெயில் பட்டா தோல் தடிச்சுக்குதுங்க."

"லோகு அண்ணன் சாயப்பட்டறைல நின்னு நின்னு புள்ள தோலுக்கும் கலர் ஏத்தி உட்டுட்டாப்பல." பேருந்தே சிரித்தது. நித்திலாவும் சிரித்தாள். கோகிலாவுக்குப் பதற்றமாக இருந்தது. இந்தச் சிரிப்பு வீண். மருந்து இன்னும் பையில்தான் இருந்தது.

வாசலில் தும்பிக்குக் கீழே நின்று கொடுத்தாள். நித்திலா முகத்தைச் சுளித்து விழுங்கினாள்.

"கசக்குதும்மா."

"அவ்வளவுதான், முடிஞ்சுது." கோகிலா மகளின் உயரத்துக்குக் குனிந்து இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். "நித்தி, அம்மாவைப் பாரு. நல்லாப் பாரு."

நித்திலா அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தும்பி சிறகை விரித்தது. "அடேங்கப்பா!" என்றாள்.

குதிரை ராட்டினத்துக்கான வரிசை கம்பிகளுக்கு நடுவே மடிந்து மடிந்து போனது. லோகநாதன் போய்க் கடைசியில் நின்றான். கோகிலா மகளை ஒரு புங்கமரத்தடியில் உட்கார வைத்தாள். வரிசை நகர்ந்தது. லோகநாதன் நகரவில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பத்துக்கு வழி விட்டான். பிறகு ஒரு தாத்தாவுக்கு. அந்தத் தாத்தாவின் குடும்பம் பின்னாலேயே வந்தது; அவர்களுக்கும் விட்டான். கோகிலா தூரத்தில் இருந்து கையை ஆட்டினாள். அவன் அவளுக்கும் கையை ஆட்டினான்.

"எப்பம்மா?" என்றாள் நித்திலா.

"இதோ கண்ணு."

புங்கமரத்து நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. நித்திலா அம்மாவின் மேல் சாய்ந்தாள். கோகிலா தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். மகளின் இடது இமை துடித்துக்கொண்டிருந்தது. மெல்ல, ஒரு பூச்சி மாட்டிக்கொண்ட மாதிரி. அதற்கு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. பெண்கள் மட்டும். கயிறு கட்டிய தனி வரிசை. மேலே தகரக் கொட்டகை. கொஞ்சம் பேர்தான் நின்றார்கள்.

மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லோகநாதனின் கையில் கொடுத்தாள். "புள்ளையப் புடிங்க. தண்ணி குடுங்க. நெழலுக்குப் போங்க."

"நீ?"

"லேடீஸ் வரிசைல நிக்கறேன். உங்களை நம்புனா பொழுது போயிரும்."

சீக்கிரமே கதவுக்கு வந்துவிட்டாள். அங்கே நின்ற காவல்காரப் பெண் சொன்னாள். "புள்ளகூட ஒருத்தர் ஏறலாம். ஆம்பளையோ பொம்பளையோ, ஒருத்தர்."

லோகநாதன் குழந்தையோடு வந்தான். "ஏறு கோகி."

அவள் ஏறியிருப்பாள். காலைக்கூடத் தூக்கிவிட்டாள். ஆனால் அங்கிருந்து பார்த்தால் தொங்கும் ரயிலின் பெண்கள் வரிசை தெரிந்தது. இப்போதுதான் அது நீள ஆரம்பித்திருந்தது. இப்போது ஏறினால், இறங்கியதும் மறுபடி காத்திருக்க வேண்டும். குழந்தை மறுபடி வெயிலில் நிற்க வேண்டும். இப்போது அங்கே ஓடிப்போய் நின்றால், குழந்தை இறங்கி வந்ததும் நேரே ரயிலில் ஏறலாம். நிற்கவே வேண்டாம்.

"நீங்க ஏறுங்க. நான் ரயிலுக்குப் போறேன்."

"மொத ராட்டினம் புள்ள. நீ ஏறு."

"ரயில்ல ஏறிக்கறேன். போங்க, கதவைச் சாத்தறாங்க."

அவள் ஓடினாள். பின்னால் பாட்டு ஆரம்பித்தது. அதற்குள்ளிருந்து நித்திலாவின் சிரிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது.

ரயிலுக்கு வந்தபோது நித்திலாவின் கண் தெளிந்திருந்தது. இமை துடிக்கவில்லை.  வழி கிடைத்துவிட்டது. இப்படியே கொண்டுபோனால் நாளைக் காப்பாற்றிவிடலாம். அதனாலேயே ரயிலிலும் அவள் ஏறவில்லை. கண்ணாடி வீட்டின் வரிசை ரயிலுடையதைவிட மோசமாக இருந்தது.

வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நீ பொறந்த அன்னிக்கு மழை. ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணி நின்னுச்சு. உங்கப்பா செருப்பைக் கைல புடிச்சுட்டு வந்தாரு. இதைக் குதிரையில் சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, படகில் சொல்லலாம்.

கண்ணாடி வீட்டு வரிசையில் ருக்குமணியும் அவள் கூட்டமும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். எல்லார் கையிலும் ஐஸ் இருந்தது.

"என்னங் அண்ணி, ஒத்தையா நிக்கறீங்க? புள்ள எங்கீங்?"

"அவங்கப்பாகூட."

"அதென்ன, காலைல இருந்து பாக்கறேன். வரிசை வரிசையா நீங்களே நிக்கறீங்க. சம்பளத்துக்கா?" மற்றவர்கள் சிரித்தார்கள். ருக்குமணி சிரித்துவிட்டு, அவள் தோளைத் தொட்டாள். "நாங்க இத்தன பேரு சும்மாதான நிக்கறோம். உங்களுக்கு எடம் புடிச்சு வெக்கறோம். நீங்க போங்க, புள்ளகூட இருங்க."

கோகிலா வாயைத் திறந்தாள்.

ஒரு இடத்துக்கு என்றால் சரி என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லா இடத்துக்கும் வேண்டும். ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பார்கள். குழந்தைக்கு என்ன என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பார்ப்பார்கள். காவல்காரன் இரண்டடி தள்ளி நின்றான். அவன் தலைக்கு மேலே, சீட்டில் இருந்த அதே வலிப்பு விதி பெரிய எழுத்தில் இருந்தது.

"பரவாயில்லைங்க. எனக்கு இதெல்லாம் சுத்தறது ஒத்துக்காது. நின்னு பாக்கறதே நல்லாருக்குது."

"என்னமோ போங்க. இந்த ஐஸையாவது சாப்பிடுங்க."

மதியம் அலைக்குளத்து வரிசையில் நின்றாள். லோகநாதன் டப்பாவில் தயிர்சோற்றை எடுத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தான். நித்திலா அவன் தோள்மேல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் ஏதோ இனிப்பு ஒட்டியிருந்தது. அப்பாவின் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இத்தனை சந்தோஷமாக அவளைக் கோகிலா பார்த்ததே இல்லை.

"அம்மா! ரயிலு பறந்துச்சு! அப்பா பயந்துட்டாரு! நான் பயப்படவே இல்ல, அப்பறம் கண்ணாடிக்குள்ள பத்து அப்பா வந்துட்டாரு, எந்த அப்பாவைப் புடிக்கறதுன்னே..."

முன்னால் நின்றவள் நகர்ந்தாள். பின்னால் இருந்து யாரோ முழங்கையால் இடித்தார்கள்.

"அப்படியா கண்ணு? சாயங்காலம் சொல்லு. அம்மா முழுசாக் கேக்கறேன். இப்ப வரிசை நகருது."

நித்திலா சொல்லி முடிக்காத வாக்கியத்தோடு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அப்பாவின் காதுக்குள் அதைச் சொல்லி முடித்தாள்.

லோகநாதன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சாய்ந்தான். "கோகி, போதும். வெளிய வா. அந்த மரத்தடில மூணு பேரும் உக்காந்து சாப்பிடலாம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"மரத்தடி நம்மூர்ல இல்லீங்களா? அதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? டாக்டர் என்ன சொன்னாங்க? புதுசா இருக்கணும். சும்மா உக்காந்தா நிக்காது."

"நீ இல்லாம நின்னா?"

"பெரிய ராட்டினத்துல நான் ஏறுவேன். அதை மட்டும் எனக்கு உட்ருங்க. மேல போயி எல்லாத்தையும் சொல்லிருவேன். கடைசியா இருக்கறதுதான் நல்லா நிக்கும்." அதை டாக்டர் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளே நம்பினாள்.

அலைக்குளத்திலும் படகிலும் அவள் ஏறவில்லை.

வெயில் சாய்ந்தது. பெரிய ராட்டினத்துக்கு முன்கூட்டியே போய் நின்றாள். நிமிர்ந்து பார்த்தால் உச்சித் தொட்டில் மலையின் உயரத்தில் இருந்தது போலத் தெரிந்தது. அதில் அவளும் மகளும் மட்டும் உட்காருவார்கள். கீழே சத்தம் எல்லாம் அடங்கிப் போகும். கன்னத்தைப் பிடித்துத் திருப்பினால் பார்ப்பதற்கு வேறு எதுவும் இருக்காது, வானமும் அம்மாவும்தான்.

யாருக்கோ தலை சுற்றி வாந்தி வந்ததால் ராட்டினத்தை நிறுத்தினார்கள். தொட்டிலைக் கழுவினார்கள். பிறகு ஒருமுறை வெறுமனே சுற்றிப் பார்த்தார்கள். கோகிலா அசையவில்லை. பாதி வரிசை கலைந்து போனது. அவள் முன்னால் வந்தாள். அதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். புடவையைச் சரி செய்தாள். முகத்தைத் துடைத்தாள். நாந்தான் உங்கம்மா என்று உதடு அசையச் சொல்லிப் பார்த்தாள்.

கதவுக்கு வந்தாள். காவல்காரன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "புள்ள எங்கம்மா?"

போனை எடுத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் லோகநாதன் எடுத்தான். மிகவும் தணிந்த குரலில் பேசினான்.

"தூங்கிட்டா."

வரிசையை விட்டு ஓடினாள். யார் யாரையோ இடித்தாள். ஒரு பெஞ்சில் அவன் விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தான். நித்திலா அவன் கழுத்தில் முகம் புதைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப?"

"இப்பத்தான். வாத்து பாக்கலாம்னு தோள்ல போட்டேன். பேசிட்டே இருந்தா. பேச்சு நின்னு போச்சு."

"எழுப்பறேன். ஒரே நிமிசம்."

"கோகி."

"ஒரு நிமிசங்க. மூஞ்சிய மட்டும் காட்டறேன். இப்பத்தான தூங்குனா? ஞாபகம் இன்னும் மூடியிருக்காது. யாருக்குத் தெரியும்? டாக்டருக்கே தெரியாது."

"எழுப்புனா அழுவா. இன்னும் மூடலைன்னே வெய்யி. அந்த அழுகைதான் கடைசியா நிக்கும்."

கோகிலாவின் கை மகளின் தோளுக்கு மேலே நின்றது. தொட்டால் போதும். கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நித்திலா தூக்கத்தில் லேசாகச் சிரித்தாள். இந்த நாள் அவளுக்கு நன்றாக அமைந்துவிட்டது. ஒரு கறையும் இல்லாமல் அமைந்துவிட்டது.

கோகிலா கையை எடுத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திரும்பும்போது பேருந்தில் பாட்டு இல்லை. எல்லாரும் களைத்திருந்தார்கள். ருக்குமணி தண்ணீர் பாட்டிலை நீட்டியவள் அப்படியே நின்றாள். தூங்கும் குழந்தையின் சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. வெள்ளைப் பட்டை தெரிந்தது.

கோகிலா அவசரமாகக் கையை இழுத்து மூடினாள்.

ருக்குமணி பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்கக்கா பையனுக்கும் போட்ருந்தாங்க. போன வருசம்."  "ஏனுங் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? நாங்க எல்லாரும் ஆளுக்கொரு வரிசைல நின்னிருப்பமே. நீங்க எறங்காம ஏறிட்டே இருந்திருக்கலாமே."

கோகிலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். திரும்பாமலே கேட்டாள். "அந்தப் பையன் உங்கக்காவை..."

"தெரிஞ்சுக்கிட்டானுங்க."

"எங்க கூட்டிட்டுப் போனாங்க?"

"எங்கயும் போகலைங்க. ஊட்டிக்குப் போறதுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோல கெளம்புனாங்க. வழில பேய் மழை. ஆட்டோவை ஓரம்கட்டிட்டாங்க. அம்மாவும் புள்ளையும் பொழுதுக்கும் அதுக்குள்ளயே உக்காந்து மழையப் பாத்தாங்களாம். இப்பவும் அந்த ஆட்டோவைத்தான் சொல்றான்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை கண் விழிப்பாள் என்றார்கள். விழித்தாள். டாக்டர் முதலில் லோகநாதனை உள்ளே அழைத்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேண்டாம் என்றார். கோகிலா கதவருகே நின்றாள். அதே மஞ்சள் புடவையைக் கட்டியிருந்தாள்.

நித்திலாவின் தலையில் துணி சுற்றியிருந்தது. கூரையைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு எதிரில் நின்றவனைப் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அப்பா" என்றாள். "ரயிலு பறந்துச்சில்ல?"

லோகநாதன் அவளிடம் விரலை நீட்டினான். தலையை மட்டும் ஆட்டினான். டாக்டர் கதவுப் பக்கம் திரும்பி, வாங்க என்று கையைக் காட்டினார்.

கோகிலா உள்ளே போனாள். நித்திலா புடவையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். தயங்கவே இல்லை.

"அம்மா."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "நின்னுருச்சும்மா. ரெண்டு பேருமே நின்னுட்டீங்க." அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார்.

கோகிலா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். நித்திலா அந்தக் கையைத் தள்ளவில்லை. அதற்குள் வரவும் இல்லை. அப்பாவின் விரலை இன்னும் இறுக்கிக்கொண்டு, போர்வையை விலக்கி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். அம்மா வந்துவிட்டாள். அப்படியென்றால் இனி அப்பாவோடு புறப்பட வேண்டும். அவளுக்கு மிஞ்சிய அந்த ஒரே நாளில் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடந்திருந்தது: அம்மா ஓடிப்போவாள், அவர்கள் ஏறுவார்கள்.

"படுத்துக்க கண்ணு. எங்கயும் போகல." கோகிலா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தாள். "அம்மா உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? நீ பொறந்த அன்னிக்கு நல்ல மழை. ஆஸ்பத்திரி வாசல்ல தண்ணி..."

நித்திலா கேட்டாள். தெரியாதவர்கள் பேசுவதைக் கேட்பது போல, நடுவில் பேசாமல், அசையாமல் கேட்டாள். கண் மட்டும் கதவுக்குப் போய்ப் போய் வந்தது. கதை முடிந்தது. நித்திலா கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"நீ போகலயாம்மா?"

"இல்ல தங்கம். அம்மா இங்கயேதான் இருப்பேன்."

நித்திலா அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்பது போலப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. "அப்ப நாங்க எப்படிப் போறது?"

லோகநாதன் அவள் முதுகைத் தடவினான். அவள் அடங்கவில்லை. காலை ஆட்டினாள். மூச்சு வேகமானது. தலைமாட்டில் இருந்த கருவி ஒலிக்க ஆரம்பித்தது. "போகச் சொல்லுப்பா" என்று அழத் தொடங்கினாள். அதில் கோபம் இல்லை. விளையாட்டு தொடங்கக் காத்திருக்கும் குழந்தையின் அவசரம்தான் இருந்தது.

கோகிலா எழுந்தாள்.

அழுகை நின்றது. நித்திலாவின் முகம் மலர்ந்தது. கோகிலா பின்புறமாகவே நடந்து கதவு வரை போனாள். மகளின் கண் அவளைவிட்டு விலகவில்லை. அந்த நாளில் தும்பித் தீவில் ஒருமுறைகூட அவள் அம்மாவை இத்தனை ஆசையாகப் பார்க்கவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே நித்திலா சிரிக்க ஆரம்பித்தாள்.